பூ நாற்று: குத்துக்கு மூன்றா, ஒன்றா?

குடியாத்தம் பக்கத்துச் சகோதரி ஒருவர் கேட்ட கேள்விக்கு எழுதும் பதில் இது. கிணற்றுத் தண்ணீர் உள்ள 10 சென்ட்டில் செண்டுமல்லியும் கோழிக்கொண்டையும் வைக்கலாம் என்று பாத்தியில் விதை விட்டிருக்கிறார். வாசல் தொட்டிக்காக டேபிள் ரோஸ் விதையை ஒரு பழைய பேசினில் தூவியிருக்கிறார். விதைத்து 22 நாள் ஆகிறது. மூன்றுமே புல் முளைத்த மாதிரி நெருக்கமாக வந்து நிற்கின்றன. "குத்துக்கு மூணு நடு, ஒண்ணு போனாலும் ஒண்ணு நிக்கும்" என்கிறார் மாமியார். "ஒவ்வொண்ணா பிரிச்சு நட்டாதான் செடி செடியா வரும்" என்கிறார் வீட்டுக்காரர். வீட்டில் இதுவே பேச்சாக இருக்கிறதாம். யார் சொல்வது சரி என்று கேட்கிறார்.

அணைக்கட்டுப் பக்கம் எங்கள் கொல்லையில் 20 வருடத்துக்கு மேலாகப் பூ வைத்து வருகிறேன். அக்கம்பக்கத்துக்கு நாற்றும் விட்டுக் கொடுக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்வதானால், உங்கள் வீட்டில் இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. செண்டுமல்லியும் கோழிக்கொண்டையும் கடைசியில் குத்துக்கு ஒன்றுதான் நிற்க வேண்டும், அதில் உங்கள் வீட்டுக்காரர் சொல்வது சரி. ஆனால் நாற்றைப் பிடுங்கி, வேரை உதறி, ஒவ்வொன்றாக வெறும் வேரோடு நட்டால் நம் ஊர் வெயிலில் பாதி போய்விடும். மண்ணோடு கொத்தாக எடுக்க வேண்டும் என்ற விஷயத்தில் உங்கள் மாமியாரின் கை சரியாகத்தான் பழகியிருக்கிறது. டேபிள் ரோஸைப் பிரிக்கவே வேண்டாம்.

குத்துக்கு மூன்று என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் மாமியார் சொல்வது புரியும். வட ஆற்காட்டில் நம் பெரியவர்களுக்கு நாற்று என்றால் நெல் நாற்று, கேழ்வரகு நாற்றுதான். நெல் நாற்றைப் பிடுங்கி, வேரைத் தண்ணீரில் அலசி, முடி கட்டிக் கழனியில் வீசிப்போட்டு, மறுநாள் நட்டாலும் பிழைத்துக்கொள்ளும். அது புல் இனம். அடிக்கணுவிலிருந்து புது வேர் விட்டுக்கொண்டே இருக்கும், பக்கத்திலேயே தூர், அதாவது புதுத் தண்டு, வெடித்துக்கொண்டே இருக்கும். சேற்றில் வேர் காய்வதற்கும் வழியில்லை. அதனால் குத்துக்கு இரண்டு மூன்று என்று நட்டு வந்தார்கள், கேழ்வரகுக்கு இரண்டு. அந்த நெல்லிலேயே ஒற்றை நாற்று நடவு வந்த பிறகு, 14 நாள் இளம் நாற்றை 25 சென்டிமீட்டர் இடைவெளியில் ஒன்றொன்றாக நட்டு, ஒரே நாற்றில் 30, 40 தூர் கட்டுவதையும் நாம் பார்த்துவிட்டோம்.

செண்டுமல்லிக்குத் தூர் கட்டும் குணமே கிடையாது. ஒரு விதைக்கு ஒரு தண்டு, அந்தத் தண்டிலிருந்துதான் பக்கக் கிளை. கிளை எத்தனையோ அத்தனைக்குப் பூ. ஒரே குழியில் மூன்று தண்டு நின்றால் உள்பக்கம் பார்த்த கிளைகளுக்கு வெளிச்சம் இருக்காது, பழுத்து உதிர்ந்துவிடும். பக்கத்துச் செடியின் இலையில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை வைத்தே செடி நெருக்கடியைத் தெரிந்துகொள்கிறது. தெரிந்த உடனே கிளை விடுவதைக் குறைத்துவிட்டுத் தண்டை நீட்ட ஆரம்பிக்கும். மூன்றும் போட்டி போட்டு உயரும். மூன்றின் அடித்தண்டும் பென்சில் கனத்தோடு நின்றுவிடும்.

இதை நான் கொல்லையில் நட்டுப் பார்த்தே தெரிந்துகொண்டேன். பூ வைக்க ஆரம்பித்த மூன்றாம் வருடம், பிரிக்கிற கூலி மிச்சமாகுமே என்று 5 சென்ட்டில் குத்துக்கு மூன்றாக நட்டேன். முதல் ஒரு மாதம் பார்ப்பதற்கு நிறைவாக இருந்தது. ஒற்றையாக நட்ட பக்கத்துப் பாத்திதான் சொட்டையாகத் தெரிந்தது, எனக்கே அதைப் பார்க்க வருத்தமாக இருந்தது. நுனி கிள்ளிய பிறகு எல்லாம் மாறிவிட்டது. ஒற்றைச் செடிகள் நாலாபக்கமும் கிளை விட்டு, ஒன்றை ஒன்று தொட்டு, மண்ணே தெரியாமல் மூடிக்கொண்டன. மூன்று நின்ற குத்துகள் நெடுநெடுவென்று வளர்ந்து உச்சியில் மட்டும் பூத்தன. அதுவும் எலுமிச்சம்பழ அளவு பூ வர வேண்டிய ரகத்தில் நெல்லிக்காய் அளவுதான். ஐப்பசியில் ஒரு ராத்திரி விடாமல் மழை பெய்தது. காலையில் போய்ப் பார்த்தால் அந்த 5 சென்ட்டும் படுத்துக் கிடந்தது. நடுவில் காற்றுப் புகாமல் ஈரம் தங்கி மொட்டுகள் அழுகிப்போயின. தேறிய பூவையும் சின்னப் பூ என்று தனியாகப் பிரித்து, பாதி விலை போட்டார்கள். அதற்கு அப்புறம் செண்டுமல்லியை நான் குத்துக்கு ஒன்றுக்கு மேல் விட்டதே இல்லை.

கணக்கும் பாருங்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் செண்டுமல்லிக்குச் சொல்லும் இடைவெளி 45-க்கு 35 சென்டிமீட்டர், அதாவது ஒன்றரை அடிக்கு ஓர் அடி இரண்டு அங்குலம். அந்தக் கணக்கில் ஒரு சென்ட்டுக்கு ஏறக்குறைய 257 செடி வரும். 5 சென்ட்டுக்குச் சுமார் 1,300. ஒரு கிராமில் கிட்டத்தட்ட 300 விதை இருக்கும் என்பதால், சுத்தமான நல்ல விதையாக இருந்தால் சில கிராமே போதும். நாட்டு விதையில் பொக்கு அதிகம், கூடவே விட வேண்டும். மூன்று மூன்றாக நட்டால் அதே 5 சென்ட்டுக்கு 3,900 நாற்று போகும். நாற்றை விலைக்கு வாங்கி நடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

சரி, அப்படியானால் மாமியார் நட்ட கொத்துகள் பிழைத்ததும், பிரித்து நட்டவை காய்ந்ததும் எப்படி? அவர் அதைக் கண்ணால் பார்த்துத்தான் சொல்கிறார். காரணம் மண்ணில் இருக்கிறது. தண்ணீரை உறிஞ்சுகிற வேலையைக் கண்ணுக்குத் தெரிகிற பெரிய வேர் செய்வதில்லை. வேர் நுனிக்குச் சற்று மேலே, பூஞ்சை படர்ந்த மாதிரி மெல்லிய தூவிகள் இருக்கும். அவைதான் செய்கின்றன. ஈரமில்லாத பாத்தியில் நாற்றைப் பிடித்து இழுத்தால் அந்தத் தூவியெல்லாம் மண்ணிலேயே அறுந்து தங்கிவிடும். கைக்கு வருவது வெறும் நரம்பு. மேலே இலை எப்போதும்போல் நீரை ஆவியாக விட்டுக்கொண்டிருக்கும், கீழே வரத்து இருக்காது. கொத்தாக மண்ணோடு எடுத்தபோது நடுவில் இருந்த நாற்றின் வேரை யாரும் தொடவே இல்லை. பிழைத்தது அதனால்தான். வேர் காய்ந்திருந்தால் மூன்று நட்டாலும் மூன்றும் போகும். வேரில் மண் இருந்தால் ஒன்று நட்டாலும் அது நிற்கும்.

ஆகவே வேரோடு மண் கொஞ்சம் தங்கும்படி எப்படிப் பிரிப்பது என்பதைத்தான் பார்க்க வேண்டும். இதை நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் தவறு நடப்பது எல்லாம் இந்த அரை மணி நேரத்தில்தான்.

நடுவதற்கு முதல் நாள் சாயங்காலம் நாற்றுப்பாத்திக்கு நன்றாகத் தண்ணீர் காட்டுங்கள். நடும் அன்று மதியம் மூன்று மணிக்குப் பூவாளியால் இன்னொரு முறை. தண்ணீர் வடிந்து, மண் கையில் பிடித்தால் ஒட்டாமல் உருண்டை பிடிக்கும் பதத்துக்கு வர வேண்டும். சேறாக இருந்தால் வேரிலிருந்து வழுகிப் போய்விடும், பொடியாக இருந்தால் உதிர்ந்துவிடும். களைக்கொத்தை நாற்றிலிருந்து நாலு விரல் தள்ளி, நாலு விரல் ஆழத்துக்கு இறக்கி, அடியிலிருந்து நெம்பி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பாளமாகத் தூக்குங்கள். அதை நிழலில் ஒரு தாம்பாளத்தில் வையுங்கள்.

பாளத்தின் இரண்டு ஓரத்தையும் பிடித்து மெல்ல அசைத்தால் மண் தானே விரிசல் விடும். அந்த விரிசலோடு இரண்டாகப் பிளந்து, மறுபடி ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிளக்கலாம். விரிசலின் நடுவே வெள்ளை நூல் மாதிரி வேர்கள் இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டு நிற்பது தெரியும். அங்கே இழுக்காதீர்கள். விரலை நனைத்து நாலு சொட்டுத் தண்ணீர் விட்டால் நழுவி வந்துவிடும். கடைசியில் இரண்டு நாற்று மட்டும் பின்னிக்கொண்டு நின்றால், ஒரு தென்னை ஈர்க்குச்சியை இரண்டு தண்டுக்கும் நடுவே குத்தி, வகிடு எடுக்கிற மாதிரி கீழ்நோக்கி இழுங்கள். தலையில் சிக்கு எடுக்கத் தெரிந்தவர்களுக்கு இது ஐந்து நிமிடத்தில் கைவந்துவிடும். எங்கள் கொல்லையில் இந்த வேலைக்கு நான் எப்போதும் பெண்களைத்தான் கூப்பிடுவேன், ஆண்கள் இழுத்து அறுத்துவிடுகிறார்கள்.

நாற்றைப் பிடிப்பது எப்போதும் இலையில். தண்டைப் பிடிக்கவே கூடாது. ஓர் இலை கிழிந்தால் இன்னோர் இலை வரும். தண்டு ஒரே ஒரு இடத்தில் நசுங்கினாலும் அந்த நாற்று அவ்வளவுதான், அன்றைக்குத் தெரியாது, மூன்றாம் நாள் நசுங்கிய இடத்தில் கறுத்துச் சாயும். பிரித்த நாற்றைத் தாம்பாளத்தில் அடுக்கி மேலே ஈரச் சணல் சாக்கைப் போட்டு மூடுங்கள். ஒரு முறைக்கு நூறு, நூற்றைம்பதுக்கு மேல் பிரித்து வைக்காதீர்கள். நட்டு முடித்துவிட்டு அடுத்த பாளத்தை எடுங்கள்.

பிரித்துப் பார்ப்பதில் இன்னொரு லாபம் உண்டு. வேரைக் கண்ணால் பார்க்கிறோம். வெள்ளையாக நீண்டு இருந்தால் நல்லது. பழுப்பாகிக் குழைந்திருந்தால் அழுகல், ஓரமாகப் போட்டுவிடுங்கள். வேரில் சின்னச் சின்ன முடிச்சு இருந்தால் அது நூற்புழு. கத்தரி போட்டு எடுத்த நிலத்தில் நாற்று விட்டிருந்தால் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்குப் பேர்போன வட்டாரம் நம்முடையது, 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தக் கத்தரிக்குப் பின்னால் கனகாம்பரம் வைத்து நூற்புழுவால் செடி சொங்கிப்போனதை நான் பார்த்திருக்கிறேன். கத்தரிக்குப் பின்னால் செண்டுமல்லி வைத்தால் பயமில்லை, அதன் வேர் நூற்புழுவைக் குறைக்கக்கூடியது.

எவ்வளவு பொறுமையாகச் செய்தாலும் பிரிய மறுக்கிற கொத்துகள் கொஞ்சம் மிஞ்சும். வேர் ஜடை பின்னிய மாதிரி இருக்கும். அவற்றோடு மல்லுக்கட்டாமல் இரண்டு மூன்றாக அப்படியே மண்ணோடு நட்டுவிடுங்கள். 10 நாளில் வேர் பிடித்துப் புதுத் தளிர் விடும். அப்போது எது திடமாக இருக்கிறதோ அதை விட்டுவிட்டு, மற்றதைக் கத்தரிக்கோலால் தரையை ஒட்டி வெட்டிவிடுங்கள். பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் நிற்க வேண்டியதன் வேரையும் சேர்த்து உலுக்கிவிடுவீர்கள். வெட்டிய நாற்றைப் பார்த்து உங்கள் மாமியாருக்கு மனசு கேட்காது. எங்கள் அம்மாவுக்கும் கேட்காது, "பச்சைப் பிள்ளையை வெட்டறியே" என்பார். ஆனாலும் பத்தாம் நாள் வெட்டிவிட வேண்டும். பார்க்க நன்றாக இருக்கிறதே, இருக்கட்டும் என்று ஒரு மாதம் விட்டால் நான் 5 சென்ட்டில் பட்டதுதான் நடக்கும்.

கொஞ்சம் நீண்டு சொங்கிப்போன செண்டுமல்லி நாற்றைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். நெருக்கத்தில் முளைத்தது நீளத்தான் செய்யும். முதலில் விட்ட அந்த இரண்டு வித்திலை வரைக்கும் மண்ணுக்குள் இறக்கி நடலாம். புதைந்த தண்டிலிருந்தும் வேர் விட்டுக்கொள்ளும், செடி ஆடாமல் நிற்கும். நட்ட 30-ம் நாள் நுனியைக் கிள்ளிவிடுங்கள்.

கோழிக்கொண்டை வேறு மாதிரி. அதைப் பாத்தியில் இருந்த ஆழத்திலேயே நட வேண்டும், தண்டைப் புதைத்தால் அழுகும். நுனி கிள்ளக் கூடாது, கிள்ளினால் அந்தப் பெரிய கொண்டையே போய்விடும். எல்லாவற்றையும்விட அதற்கு நாள் முக்கியம். நெருக்கத்திலோ வறட்சியிலோ நாற்றங்காலிலேயே அதிக நாள் நின்றுவிட்டால் ஒரு சாண் உயரத்திலேயே விரல் நுனி அளவு கொண்டை வைத்துவிடும். அதன் பிறகு எவ்வளவு எரு போட்டாலும் சரியாக வளராது. கொத்தாக நட்டாலும் இதே கதைதான், மூன்று சின்னக் கொண்டை வரும், ஒரு பெரிய கொண்டை வராது. எனவே 22 நாள் ஆகிவிட்ட உங்கள் பாத்தியில் முதலில் கை வைக்க வேண்டியது கோழிக்கொண்டையில்தான். இந்த வாரமே ஓர் அடிக்கு ஓர் அடி இடைவெளியில் ஒவ்வொன்றாக நட்டு முடியுங்கள். செண்டுமல்லி இன்னும் ஒரு வாரம் பொறுக்கும், அதற்கு 30 நாள் நாற்று வரை நடலாம்.

நீங்கள் கேட்கவில்லை என்றாலும், பூ வைக்க ஆரம்பித்தவர்கள் அடுத்து இவற்றுக்குத்தான் வருவீர்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். கனகாம்பரம் குத்துக்கு ஒன்றுதான். விதை முளைக்கவே மெதுவாகத்தான் வரும், 60 நாள் நாற்றாக எடுத்து இரண்டு அடிக்கு ஓர் அடியில் நட வேண்டும். ஒரு முறை வைத்தால் இரண்டு மூன்று வருடம் நிற்கிற செடி, நெருக்கி வைத்தால் அத்தனை வருடமும் கஷ்டம். டெல்லிக் கனகாம்பரம் விதை வைக்காது, தண்டை வெட்டி வேர் விடவைத்துத்தான் நடுவார்கள், அதனால் அங்கே இந்தக் கேள்வியே இல்லை. சாமந்தியில் கேள்வி உண்டு. பூ முடிந்த பழைய தூரைப் பிடி பிடியாகப் பிய்த்து அப்படியே நடுகிறவர்கள் நிறையப் பேர். நடுவில் இருக்கும் கட்டை வயதானது, அதில் வீரியம் இருக்காது, பழைய செடியின் நோயும் பூச்சியும் கூடவே வரும். ஓரத்தில் புதிதாகக் கிளம்பிய பக்கக் கன்றைச் சின்ன வேரோடு ஒவ்வொன்றாக எடுத்து, ஓர் அடி இடைவெளியில் வையுங்கள். சம்பங்கியும் அப்படித்தான், கிழங்குக் கொத்தை உதிர்த்து, 25, 30 கிராம் எடையுள்ள ஒற்றைக் கிழங்காக ஊன்ற வேண்டும்.

இப்போது டேபிள் ரோஸ். ஒரு கிராமில் 10,000 விதை வரை இருக்கும். முளைத்து வருவது தையல் நூலைக் கத்தரித்து நட்ட மாதிரி, சிவப்புத் தண்டும் அரிசிக் குறுணை அளவு இலையும். ஒரு வருடம் நான் சிரத்தையாக உட்கார்ந்து ஈர்க்குச்சியால் இவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். மதியம் தொடங்கி இருட்டுகிற வரை உட்கார்ந்தும் 200 தேறவில்லை, அதில் பாதி மறுநாளே கரைந்துவிட்டது. தோண்டும்போது மண்ணோடு கிள்ளி எடுத்து ஓரமாகப் போட்ட ஒரு கொத்து மட்டும், தண்ணீர்கூடப் போகாத இடத்தில், பூத்துப் பரவியது.

இந்தச் செடிக்கு நெருக்கம் ஒரு பாரமே இல்லை. தரையில் படரும், சதைப்பற்றான தண்டில் தானே தண்ணீர் வைத்துக்கொள்ளும், ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு போனாலும் பூக்கும். தனிச் செடி எவ்வளவு பெரிதாகிறது என்பதா நமக்குக் கணக்கு? தொட்டி நிறைய வேண்டும், காலை பத்து மணிக்கு மொத்தமும் விரிய வேண்டும். அதனால் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் கூடி எடுக்கிற அளவு மண்ணோடு, ஆறேழு நாற்றுள்ள சின்னச் சின்னக் கிள்ளலாக எடுத்து, நாலு அங்குலத்துக்கு ஒன்றாக வையுங்கள். பெரிய கொத்தாக, கைப்பிடி அளவுக்கு வைத்தால் நடுவில் ஈரம் தங்கி அழுகும். ஆகவே கொத்து என்றால் சின்னக் கொத்து.

பாக்கெட்டில் வாங்கி வருகிற குளிர்காலப் பூக்களில் அலிசம், லோபிலியா இரண்டுக்கும் இதே முறைதான். இரண்டும் மயிரிழை நாற்று, இரண்டும் கொத்துக் கொத்தாக நின்றால்தான் அழகு. வேலூரில் கார்த்திகையிலிருந்து தை, மாசி வரைதான் இவை தாங்கும். விதை சின்னதாக இருந்தாலே கொத்தாக நட வேண்டும் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். பெட்டூனியா விதையும் தூசி மாதிரிதான், ஆனால் ஒரே செடி ஒரு தொட்டியை நிறைக்கும். அது நாலு இலை விட்டதும் பிரித்துத் தனித்தனியாக வைக்க வேண்டும். விதையைவிட, வளர்ந்த பிறகு அந்தச் செடி எப்படி நிற்கும் என்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

சங்குப்பூ, சூரியகாந்தி இரண்டையும் பிடுங்கி நடுவதே வேண்டாம். ஆணிவேர் நேராக இறங்குகிறவை, அசைத்தால் பின்வாங்கும். நிற்க வேண்டிய இடத்திலேயே இரண்டு மூன்று விதை ஊன்றி, முளைத்ததும் ஒன்றை விட்டு மீதியை வெட்டிவிடலாம்.

நம் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர். சுற்றிலும் பாறை மலை, ராத்திரியிலும் அனல் இறங்காது. அந்த இரண்டு மாதம் வெறும் வேர் நாற்று நடவே கூடாது என்பது என் கருத்து. ஆடியில் வெயில் கொஞ்சம் தணிந்தாலும் மேற்கிலிருந்து காற்று அடிக்கும். இலையிலிருந்து ஈரத்தை உறிஞ்சுவதில் அந்தக் காற்று வெயிலுக்குக் குறைந்ததில்லை. எந்த மாதமானாலும் நடவு மாலை நாலு மணிக்கு மேல்தான். ராத்திரி முழுக்க வேருக்கு ஓய்வு கிடைக்கும். நட்ட கையோடு ஒவ்வொரு நாற்றுக்கும் மேற்குப் பக்கத்தில் ஒரு சின்ன வேப்பங்கொத்தைக் குத்தி வையுங்கள். மதிய வெயிலையும் காற்றையும் அது ஒன்றே தடுக்கும். நாலாம் நாள் எடுத்துவிடலாம். நட்ட உடனே ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர். அதற்கு அப்புறம் மண் காய்ந்ததைப் பார்த்து வாரம் ஒரு தண்ணீர் போதும். தினமும் தண்ணீர் காட்டினால் வேர் ஆழம் போகாது.

தண்ணீர் உப்பாக இருந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரை பாலாற்றை ஒட்டித் தோல் தொழிற்சாலைக் கழிவால் நிலத்தடி நீர் கெட்டு, அது வழக்காகி 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது நம் எல்லோருக்கும் தெரியும். அந்த மாதிரித் தண்ணீர் வளர்ந்த செடியைவிட நாற்றைத்தான் முதலில் தாக்கும். பாத்தி காய்ந்ததும் மேலே வெள்ளையாகப் பூத்தால் உப்பு என்று அர்த்தம். அப்படி இருந்தால் நாற்றுக்கு மட்டுமாவது மழைத் தண்ணீரோ குடிதண்ணீரோ ஊற்றுங்கள். விரிஞ்சிபுரத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, மண்ணும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு ஒரு தடவை போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்.

அடுத்த முறை விதை விடும்போது இந்தச் சிக்கலே வராமல் செய்யலாம். நெருக்கம் பாத்தியில்தான் ஆரம்பிக்கிறது. விதையை அள்ளித் தூவாமல், விரலால் கோடு கிழித்து, கோட்டுக்குக் கோடு நாலு விரல் விட்டு, விதையோடு இரண்டு பங்கு மணல் கலந்து வரிசையாக விடுங்கள். நெருக்கமாக விட்ட பாத்தியில் நாற்றழுகல் வந்தால் ஒரு ராத்திரியில் வட்டமாகச் சாய்த்துவிடும். அதைத் தடுக்க டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சைப் பொடியை விதையில் கலந்து விட வேண்டும். ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் என்பது கணக்கு, உங்கள் அளவுக்கு விதை நனைந்து பொடி ஒட்டுகிற அளவு போதும். 98 குழி உள்ள குழித்தட்டில் தென்னைநார்க் கழிவு நிரப்பி, குழிக்கு ஒரு விதை போட்டால் பிரிக்கிற வேலையே இல்லை, வேர் உருண்டையோடு 25 நாளில் நாற்று கைக்கு வரும். நான் இப்போது செண்டுமல்லிக்குத் தட்டுதான் வைக்கிறேன். கோழிக்கொண்டைக்கும் தட்டு நல்லதுதான், நாள் தள்ளாமல் எடுத்துவிட வேண்டும். ஆயுத பூஜைக்குச் செண்டுமல்லி வேண்டுமென்றால் 90 நாளுக்கு முன்பே விதை விட்டிருக்க வேண்டும் என்பதையும் காலண்டரில் குறித்து வையுங்கள்.

இப்போதைக்கு வேலை இதுதான். நாளை சாயங்காலம் கோழிக்கொண்டைப் பாத்திக்குத் தண்ணீர் காட்டி, மறுநாள் மாலை பிரித்து நடுங்கள். அடுத்த வாரம் செண்டுமல்லி. பிரியாத கொத்துகளை ஒரே வரிசையாக நட்டு, அந்த வரிசை முனையில் ஒரு குச்சி ஊன்றி வையுங்கள், பத்தாம் நாள் கத்தரிக்கோலோடு எங்கே போக வேண்டும் என்று தேட வேண்டியிருக்காது. டேபிள் ரோஸ் பேசினை மாமியார் கையில் கொடுத்துவிடுங்கள். அவர் எப்படி நடுவாரோ அப்படியே நடட்டும், ஒரு கிள்ளலுக்கு ஆறேழுக்கு மேல் போகாமல் மட்டும் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.